ஹீட்டர் கேள்விகள்: டேங்க் வேண்டுமா, வேண்டாமா?

கேள்வி: டேங்க் இல்லாத இன்ஸ்டன்ட் வாட்டர் ஹீட்டர் போட்டேன். ஷவரில் வெதுவெதுப்பாகத்தான் வருகிறது. பழுதா?

பழுதில்லை. 3 கிலோவாட் ஹீட்டரால் நிமிடத்துக்கு 2 லிட்டர் தண்ணீரைத்தான் 20 டிகிரி ஏற்ற முடியும். ஷவர் 8 லிட்டர் கேட்கும். அதற்கு 11 கிலோவாட் வேண்டும். குழாயைக் குறைவாகத் திறந்து வாளியில் பிடித்துக் குளியுங்கள்.

கேள்வி: பழைய 5 ஆம்பியர் பிளக்கில் மாட்டலாமா?

மாட்டக் கூடாது. 3 கிலோவாட் என்றால் 13 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் பிளக், தனி ஒயர், ஒழுங்கான எர்த். பிளக்கில் மூன்று ஓட்டை இருப்பதாலேயே எர்த் இருப்பதாக அர்த்தமில்லை, சோதித்துப் பாருங்கள்.

கேள்வி: டேங்க் ஹீட்டர் 2 கிலோவாட். இன்ஸ்டன்ட் 3 கிலோவாட். ஆனால் கடைக்காரர் "இன்ஸ்டன்ட் ஐந்தே நிமிடம்தான் ஓடும், பாதி கரண்ட் மிச்சம்" என்கிறார். உண்மையா?

இந்த "ஐந்தே நிமிடம்" கதையைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. தண்ணீருக்கு எந்தப் பெட்டியில் சூடாகிறோம் என்று தெரியாது. 20 லிட்டர் வாளி ஒன்றை 20 டிகிரி ஏற்ற ஏறக்குறைய அரை யூனிட் ஆகும். 3 கிலோவாட்டில் பத்து நிமிடம், 2 கிலோவாட்டில் பதினைந்து, 1500 வாட் வாட்டர் ராடில் இருபது. மீட்டரில் மூன்றும் ஒன்றுதான். சீக்கிரம் சூடாவது வேறு, சிக்கனம் வேறு!

அப்படியானால் மிச்சம் எங்கே? சூடான தண்ணீர் டேங்கில் சும்மா காத்திருக்கும்போது ஆறுகிறது, தெர்மோஸ்டாட் மறுபடி சூடாக்குகிறது. நாள் முழுக்க சுவிட்சைப் போட்டு வைக்கும் வீட்டில் இதற்கே அரை யூனிட், ஒரு யூனிட் போகும். டேங்க் இல்லாவிட்டால் அது மிச்சம். நீங்கள் குளிப்பதற்குக் கொஞ்ச நேரம் முன்பு போட்டு, குளிக்கப் போகும்போது அணைப்பவரா? அப்படியென்றால் பெரிதாக எதுவும் மிஞ்சாது, இருக்கிற டேங்கையே வைத்துக்கொள்ளுங்கள். தினமும் ஒரு வாளி குறைத்தால் மாதம் 15 யூனிட் மிச்சம். அதற்குப் புது ஹீட்டரே வேண்டாம். இதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

கேள்வி: குளியலறை ஹீட்டரிலிருந்து சமையலறைக்குக் குழாய் இழுக்கலாமா?

10 மீட்டர் அரை இஞ்ச் குழாயில் ஒரு லிட்டருக்கு மேல் நிற்கும். பாத்திரம் கழுவும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பச்சைத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அதே அளவு வெந்நீரைக் குழாயிலேயே ஆறவிடுவீர்கள். சிங்க்குக்குக் கீழே சின்னதாக ஒன்று தனியாக வையுங்கள். அங்கேயும் எர்த் பாருங்கள்.

கேள்வி: கேஸ் ஹீட்டரைக் குளியலறைக்குள் வைக்கலாமா?

கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது; மயங்கிய பிறகு கதவைத் திறக்க முடியாது. வெளியே, காற்றோட்டமான இடத்தில் மாட்டுங்கள்.

கேள்வி: உப்புத் தண்ணீர். வரவர வெந்நீர் மெல்லிசாக வருகிறது.

முதலில் ஹீட்டருக்குள் தண்ணீர் நுழையும் இடத்தில் இருக்கும் வலையைக் கழற்றிக் கழுவுங்கள். சரியாகவில்லை என்றால் உள்ளே சுண்ணாம்பு படிந்திருக்கும். ஆள் வைத்து சிட்ரிக் அமிலக் கரைசல் ஓட்டச் சொல்லுங்கள். சூட்டைக் குறைத்து வைத்தால் படிவதும் குறையும்.

கேள்வி: எங்கள் வீட்டுக்கு எந்த ஹீட்டர் நல்லது?

எத்தனை பேர், வாளியா ஷவரா, மின் இணைப்பு எத்தனை கிலோவாட், தண்ணீர் உப்பா? ஒன்றுமே எழுதவில்லை, நான் என்ன ஜோசியமா பார்க்க முடியும்? எல்லாவற்றையும் எழுதி அனுப்புங்கள். எர்த் இருக்கிறதா என்பதையும் சேர்த்துத்தான்.