காலிஃபிளவரில் சின்ன அந்துப்பூச்சி: வைரமுதுகுதானா, எங்கிருந்து வந்தது?

கேள்வி: காலிஃபிளவர் செடியைத் தொட்டாலே சாம்பல் நிறத்தில் சின்னப் பூச்சிகள் கிளம்பிப் பறக்கின்றன. வைரமுதுகு அந்துப்பூச்சி என்கிறார்கள். எப்படி உறுதி செய்வது? சுற்றுவட்டாரத்தில் யாருமே கோஸ், காலிஃபிளவர் போடவில்லை. பிறகு எப்படி வந்தது?

பதில்: பறக்கும்போது பார்த்து முடிவு செய்யாதீர்கள், உட்காரட்டும். இறக்கையை மடக்கினால் நீளம் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. விரித்தால் 12 முதல் 15 மில்லிமீட்டர். ஒல்லியான உடல், சாம்பல் கலந்த பழுப்பு நிறம். முதுகு நெடுக ஒரு வெளிர் பட்டை ஓடும். அதன் ஓரம் நெளிந்து போவதால் வைரக் கட்டங்களை வரிசையாக வைத்ததுபோலத் தெரியும். பெண் பூச்சியில் இது மங்கலாக இருக்கலாம். பட்டை தெளிவாக இல்லையென்றால் பக்கவாட்டில் பாருங்கள்: இறக்கை நுனி சற்றே மேலே தூக்கியிருக்கும், உணர்கொம்புகள் முன்னோக்கி நீண்டிருக்கும்.

என்னைக் கேட்டால், பூச்சியைவிடப் புழுதான் நல்ல சாட்சி. இலையின் அடிப்பக்கத்தைத் திருப்புங்கள். இரு முனையும் கூம்பிய பச்சைப் புழு இருக்கும். முழுதாக வளர்ந்தாலும் சுமார் 12 மில்லிமீட்டர்தான். தொட்டால் துள்ளித் துடித்துப் பின்னால் நகரும், இல்லாவிட்டால் நூல் விட்டுத் தொங்கும். அது தின்ற இடத்தில் மெல்லிய மேல்தோல் மட்டும் மிஞ்சி, வெளிச்சம் ஊடுருவும்.

சரி, எங்கிருந்து வந்தது? கோஸ், காலிஃபிளவர் அடங்கிய கடுகுக் குடும்பச் செடிகள் வளரும் இடமெல்லாம் இது உண்டு. அண்டார்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும். தானாகப் பறந்தால் வயலுக்குள்ளேயே தாழ்வாகச் சுற்றும். காற்று தூக்கிக்கொண்டால் கதையே வேறு. கனடாவின் குளிரைப் பெரும்பாலும் தாங்க முடியாத இந்தப் பூச்சி, அமெரிக்காவின் தென்பகுதியிலிருந்தும் மெக்சிகோவிலிருந்தும் ஆண்டுதோறும் காற்றோடு அங்கே போய்ச் சேருகிறது. ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டில்கூட 2000ஆம் ஆண்டு கூட்டமாக வந்திறங்கியது. ஆகவே பக்கத்து வயலில் கோஸ் இல்லை என்பது பாதுகாப்பு ஆகாது. அதோடு, வாங்கிய நாற்றிலேயே முட்டையோ புழுவோ வந்திருக்கலாம். வரப்பில் கடுகுக் குடும்பக் களைகள் இருந்தால் பூச்சி தங்க அவையே போதும், பிடுங்கிவிடுங்கள்.

அப்புறம் ஒன்று. மருந்து அடிக்க நேர்ந்தால் ஒரே வகையைத் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டாம். 1953இலேயே ஜாவாவில் டி.டி.டி. பூச்சிக்கொல்லிக்கு எதிர்ப்பு காட்டிய பூச்சி இது. பி.டி. என்னும் பாக்டீரியா மருந்துக்கு வயல்வெளியில் முதன்முதலாக எதிர்ப்புத்திறன் பெற்றதும் இதுதான்.