லாரி, பஸ் விபத்து: பொறுப்பு ஓட்டுநரோடு முடிவதில்லை

கேள்வி: லாரி மோதி என் கார் நொறுங்கிவிட்டது. ஓட்டுநர் ஏழை, அவரிடம் இழப்பீடு கேட்டு என்ன பயன்?

வேலை நேரத்தில், முதலாளியின் வேலையாக ஓட்டும்போது நடந்த கவனக்குறைவுக்கு முதலாளியும் பொறுப்பு. பெரும்பாலான நாடுகளின் சட்டம் இதை ஏற்கிறது. முதலாளி தனியாக ஒரு தவறு செய்தார் என்று நிரூபிக்கத் தேவையில்லை. அவர் தவறும் இருந்தால் வழக்கு இன்னும் வலுவாகும்: உரிமத்தைச் சரிபார்க்காமல் வேலைக்கு எடுத்தது, முடியவே முடியாத நேரத்தில் சரக்கைச் சேர்க்கச் சொன்னது, பராமரிப்பைத் தள்ளிப்போட்டது போன்றவை.

“அவர் எங்கள் ஆள் இல்லை, ஒப்பந்தக்காரர்” என்று நிறுவனம் கைகழுவப் பார்க்கும். வழித்தடத்தையும் நேரத்தையும் யார் முடிவு செய்தார், வண்டி யாருடையது, அவரை வேலையிலிருந்து நிறுத்த யாருக்கு அதிகாரம் என்பவற்றையே நீதிமன்றம் பார்க்கும். இழுக்கும் வண்டிக்கும் பின்னால் வரும் டிரெய்லருக்கும் உரிமையாளர்கள் வெவ்வேறாக இருக்கலாம். இரண்டின் பதிவெண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பலர் முன்பக்க எண்ணோடு நிறுத்திவிடுகிறார்கள்.

கேள்வி: எந்த ஆதாரம் முதலில் அழியும்?

டேஷ்கேம் (வண்டிக்குள் சாலையைப் படம்பிடிக்கும் கேமரா) பதிவு. மெமரி அட்டை நிறைந்ததும் பழைய காட்சியின் மேல் புதியது ஏறிவிடும். அடுத்தது எஞ்சின் கணினி. திடீர் பிரேக்கின்போது இருந்த வேகம், பிரேக், ஆக்சிலரேட்டர் நிலை பல வண்டிகளில் பதிவாகும். வண்டியைப் பழுது பார்த்து மறுபடி ஓட்டினால் அது மறைந்துபோகலாம். ஓட்டிய நேரத்தையும் ஓய்வையும் பதியும் மின்னணு ஓட்டுநர் பதிவேட்டையும் நிறுவனம் என்றென்றும் வைத்திருக்காது. அமெரிக்காவில் கட்டாயக் காலம் 6 மாதம்தான்.

அதனால் வழக்குப் போடும்வரை காத்திருக்காதீர்கள். சில நாட்களுக்குள் வழக்கறிஞர் மூலம் நிறுவனத்துக்குக் கடிதம் போகட்டும். எஞ்சின் தரவு, கேமரா, ஓட்டுநர் பதிவேடு, ஜிபிஎஸ், பராமரிப்புப் புத்தகம், சரக்கு ரசீது என ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். எங்கள் நிபுணர் பார்க்கும்வரை வண்டியைப் பிரிக்கவோ விற்கவோ கூடாது என்றும் எழுதுங்கள். அதற்குப் பிறகு எதையாவது அழித்தால் அதுவே அவர்களுக்கு எதிராக நிற்கும்.

கேள்வி: “பிரேக் பிடிக்கவில்லை” என்று சொன்னால் உரிமையாளர் தப்பிவிடுவாரா?

எளிதில் முடியாது. “காற்று போய்விட்டது, பிரேக்கும் போய்விட்டது” என்ற விளக்கத்தை அப்படியே நம்ப வேண்டாம். பெரிய லாரி, பஸ்களின் பிரேக் காற்றழுத்தத்தால் இயங்குகிறது. ஸ்பிரிங் பிரேக் (காற்றழுத்தம் அழுத்தி வைத்திருக்கும் ஸ்பிரிங்கால் பிடிக்கும் பிரேக்) உள்ள வண்டியில் காற்றழுத்தம் ஏறக்குறைய 60 பிஎஸ்ஐ-க்கு (அழுத்த அலகு) இறங்கும்போதே எச்சரிக்கை வரும். இன்னும் இறங்கி 20 முதல் 45 பிஎஸ்ஐ-க்குள் வந்தால் ஸ்பிரிங் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும்.

நெடிய இறக்கத்தில் நடப்பது பெரும்பாலும் வேறு. ஓட்டுநர் கியரைக் குறைக்காமல் பிரேக்கையே மிதித்து வருகிறார். சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிரம் சூடேறி விரிகிறது. காற்றழுத்தம் தள்ளும் கம்பியான தள்ளுகோல் கூடுதல் தூரம் நகர்ந்தால்தான் லைனிங் (டிரம்மில் உராயும் பட்டை) டிரம்மைத் தொடும். கோல் நகரக்கூடிய தூரமோ அளவோடுதான். அந்த இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டர் ஏற்கெனவே தளர்ந்திருந்தால் பிடிப்பே இருக்காது. தள்ளுகோல் நகரும் தூரத்தை அளந்தாலே இது முன்கூட்டித் தெரிந்துவிடும். “எதிர்பாராத பழுது” என்று சொல்பவர், ஒழுங்காகச் சோதித்தும் கண்டுபிடிக்க முடியாத பழுது அது என்று காட்ட வேண்டிவரும். பராமரிப்புப் புத்தகம் காலியாக இருந்தால் எப்படிக் காட்டுவார்?

கேள்வி: ஓட்டுநர் தூங்கிவிட்டார் என்று சந்தேகம். எப்படி நிரூபிப்பது?

முதலில் ஓட்டும் நேர விதியை மீறினாரா என்று பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட ஓய்வு கட்டாயம். ஒரு நாளைக்கு அதிகபட்சம் 9 மணி நேரம் ஓட்டலாம், வாரத்தில் இரு நாள் மட்டும் 10. அமெரிக்காவில் சரக்கு லாரி ஓட்டுநருக்கு 10 மணி நேர ஓய்வுக்குப் பின் அதிகபட்சம் 11 மணி நேரம். பதிவேட்டில் கணக்கு சரியாக இருக்கலாம். அதை டீசல் ரசீது, சுங்கச்சாவடி நேரம், கைபேசிப் பதிவோடு ஒப்பிடுங்கள். ஓய்வெடுத்ததாக எழுதிய நேரத்தில் வண்டி வேறோர் ஊரில் டீசல் போட்டிருக்கும்.

சாலையில் டயர் தடம் இல்லை என்பதை மட்டும் வைத்துத் தூக்கம் என்று முடிவுகட்டாதீர்கள். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டி அதிகத் தடம் விடாது. கடைசி நொடிகளில் பிரேக் மிதிபட்டதா என்பதை எஞ்சின் தரவு சொல்லும்.

கேள்வி: லோடு சரிந்து வண்டி கவிழ்ந்தால் ஏற்றியவருக்குப் பொறுப்பு உண்டா?

உண்டு, குறிப்பாக ஓட்டுநர் திறந்து பார்க்க முடியாதபடி முத்திரையிட்ட கண்டெய்னராக இருந்தால். கண்ணால் பார்க்க முடிந்த குறைக்கு ஓட்டுநரும் பங்கு ஏற்பார். அமெரிக்க, ஐரோப்பிய விதிகளின் அடிப்படையில் 10 டன் சரக்கின் கட்டு முன்பக்கம் 8 டன் எடைக்கு நிகரான விசையையும் பக்கவாட்டில் 5 டன்னையும் தாங்க வேண்டும். ஓடத் தொடங்கியதும் பட்டைகள் தளரும். அமெரிக்க விதிப்படி முதல் 80 கிலோமீட்டருக்குள் நிறுத்திச் சோதித்து, தேவைப்பட்டால் இறுக்க வேண்டும். பாதி நிரம்பிய டேங்கர் தனி ஆபத்து; வளைவில் திரவம் ஒரு பக்கம் ஒதுங்கி வண்டியைச் சாய்த்துவிடும்.

கேள்வி: பஸ்ஸில் பயணியாக இருந்தேன். நான் என்ன வைத்திருக்க வேண்டும்?

டிக்கெட், இருக்கை எண், அன்றே பார்த்த மருத்துவரின் குறிப்பு. பெல்ட் இருந்தும் போடாவிட்டால் பல நாடுகளில் இழப்பீடு குறையும். ஏறியதும் அவசர வழி எங்கே என்று பாருங்கள். சுத்தியலால் கண்ணாடியின் நடுவில் அடிக்காமல் மூலையில் அடியுங்கள். முன்கண்ணாடி ஒட்டடுக்குக் கண்ணாடி (நடுவில் பிளாஸ்டிக் படலம் ஒட்டியது), எளிதில் உடைந்து விழாது. அதில் நேரத்தை வீணாக்க வேண்டாம்.