முதலில் எழுத வேண்டியது நோய் தொடங்கிய தேதி

கேள்வி: 120 வீடுகள் கொண்ட எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு வாரமாகப் பலருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் உள்ளன. இது பரவும் நோயா, தற்செயலா? மருத்துவம் படிக்காத சங்க நிர்வாகிகளான நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்: ஒரே வாரத்தில், ஒரே இடத்தில், ஒரே விதமான அறிகுறிகள் பலருக்கு வந்திருப்பதால், பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரத் துறைக்கு இன்றே தெரிவித்துவிடுங்கள். காரணத்தைக் கண்டறிந்து சொல்வது அவர்கள் பொறுப்பு. அதற்கான தடயங்கள் அழியாமல் காப்பதுதான் உங்கள் வேலை.

ஒரு நோட்டில் நோயுற்ற ஒவ்வொருவரின் வயது, தளம், அறிகுறிகள், குடிநீர் எங்கிருந்து வருகிறது, முந்தைய நாட்களில் எந்தப் பொது விருந்தில் உண்டார் என்பவற்றைக் குறியுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது நோய் தொடங்கிய தேதி. பலர் தகவல் வந்த தேதியை எழுதிவிடுவதால் கணக்கே பிசகிவிடுகிறது. நாள்வாரியாக எண்ணிப் பார்த்தால், ஓரிரு நாட்களில் சட்டென உயர்ந்து இறங்கும் எண்ணிக்கை எல்லோருக்கும் பொதுவான ஒரே மூலத்தையும், வீடு வீடாக நகர்ந்து மெல்ல நீளும் எண்ணிக்கை ஆளுக்கு ஆள் தொற்றுவதையும் பெரும்பாலும் சுட்டும். கிருமி புகுந்ததிலிருந்து அறிகுறி தோன்றும் வரையிலான நோயரும்பு காலம் காலராவுக்குச் சில மணி நேரம் முதல் 5 நாட்கள், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் ஏ-க்கு 15 முதல் 50 நாட்கள் என்று மாறுபடுவதால், எந்த நாளைத் துருவ வேண்டும் என்பதும் அந்தத் தேதியிலிருந்தே தெரியவரும்.

நோய் வராதவர்களையும் விசாரியுங்கள். இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். 1854-இல் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவியபோது, மருத்துவர் ஜான் ஸ்னோ இறப்புகளைத் தெருவாரியாகக் கணக்கிட்டு ஒரு குழாய்க் கிணற்றைச் சந்தேகித்தார். அதன் அருகிலிருந்த பீர் ஆலையின் தொழிலாளர்களோ நோய்க்குத் தப்பியிருந்தனர். ஆலைக்குச் சொந்தக் கிணறு இருந்தது, அவர்கள் குடித்ததும் பெரும்பாலும் பீர்தான். ஸ்னோவின் பேச்சைக் கேட்டு, யாரும் நீர் எடுக்க முடியாதபடி அந்தக் குழாயின் கைப்பிடி கழற்றப்படும் முன்பே நோய் தணியத் தொடங்கியிருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்; அதனால் அவருடைய முறையின் மதிப்பு குறைந்துவிடவில்லை.

பதற்றத்தில் பலர் செய்யும் தவறு, தண்ணீர்த் தொட்டியை உடனே கழுவி குளோரின் கலந்துவிடுவது. சுகாதாரப் பணியாளர் மாதிரி எடுக்கும்வரை தொட்டியைத் தொடாதீர்கள். அதுவரை ஒவ்வொரு வீட்டிலும் நீரை ஒரு நிமிடமாவது நன்கு கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லுங்கள். நோரோவைரஸ் போன்ற கிருமிகளை ஆல்கஹால் திரவம் சரிவர அழிப்பதில்லை என்பதால் கைகளைச் சோப்பும் நீரும் கொண்டே கழுவ வேண்டும். நோயுற்றவர்கள் அறிகுறிகள் நின்று 48 மணி நேரம் ஆகும்வரை பிறருக்குச் சமைக்கக் கூடாது. உப்பு சர்க்கரைக் கரைசலை (ஓஆர்எஸ்) முதல் நாளிலிருந்தே கொடுங்கள். மலத்தில் ரத்தம், சிறுநீர் குறைதல், சோர்ந்து மயங்குதல், குழந்தை நீர் அருந்த மறுத்தல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

அந்த நோட்டில் உள்ள பெயர்களை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். பெயர் வெளியானால் அடுத்த வீட்டார் நோயை மறைத்துவிடுவார்கள். அதன்பின் உங்கள் கணக்கை நம்ப முடியாது. கடைசியாக நோயுற்றவருக்குப் பின் இரண்டு நோயரும்பு காலங்கள் புதிய நோயாளி எவருமின்றிக் கழியும்வரை பதிவை நிறுத்த வேண்டாம்.