டாக்டர் பேச, கருவி எழுத: கேள்வி பதில்

மருத்துவக் குறிப்புகளைக் கேட்டுத் தட்டச்சு செய்வதும் திருத்துவதும் என் வேலை. டாக்டர் பேசுவதைக் கேட்டுத் தானே எழுத்தாக்கும் கணினிக் கருவிகளைப் பற்றி தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கமிருந்து வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

பாலக்கோடு, கிளினிக் நடத்தும் மருத்துவர்: ஓ.பி. கூட்டத்தில் இது நேரத்தை மிச்சப்படுத்துமா?

டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் ரிப்போர்ட் மாதிரி ஒருவரே நிறுத்தி நிதானமாகச் சொல்வது நன்றாக வரும், டாக்டர். ஓ.பி.யில் நோயாளி, கூட வந்தவர், மின்விசிறி எல்லாம் சேர்ந்து கேட்கும். நோயாளி வெளியே போனதும் நீங்களே நாலு வரி சுருக்கிச் சொல்லிவிடுங்கள்.

ஓசூர், செவிலியர்: எங்கள் வார்டில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கலந்துதான் பேச்சு. புரிந்துகொள்ளுமா அக்கா?

இப்போதைக்கு அரைகுறைதான். சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு இந்திய மொழிகளுக்கென்றே பேச்சை எழுத்தாக்கும் ஏஐ மாதிரிகள் (மாடல்கள்) செய்து இலவசமாகத் தந்திருக்கிறது, அருமையான வேலை. ஆனாலும் ஒரே வாக்கியத்தில் மொழி மாறினால் எந்தக் கருவியும் தடுமாறும். எனக்கு இன்னொரு கவலையும் உண்டு. நம் மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம்; அது எலும்பையும் மூட்டையும் பாதிக்கும். மூட்டுவலி என்று வருபவர் எந்த போர் தண்ணீரை எத்தனை வருஷமாகக் குடிக்கிறார் என்பது முக்கியமான தகவல். தானே சுருக்கி எழுதும் கருவி அதை வெறும் பேச்சென்று விட்டுவிடலாம். நீங்கள் கையால் சேர்த்துவிடுங்கள்.

காவேரிப்பட்டணம், நர்சிங் மாணவி: எந்தப் பிழை ரொம்ப ஆபத்து அக்கா?

'இல்லை' விழுந்துபோவதுதான், தங்கச்சி. 'மருந்து அலர்ஜி இல்லை' என்பது 'மருந்து அலர்ஜி' என்று நின்றாலே சிகிச்சை மாறிவிடும். அடுத்தது எண்கள். ஃபிஃப்டீன், ஃபிஃப்டி இரண்டும் காதுக்கு ஒன்றுபோலத்தான். இன்சுலின் அளவை 'ஒன் ஃபைவ்' என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். ஹைப்பர் (அதிகம்), ஹைப்போ (குறைவு) இன்னொரு கண்ணி.

2022-ல் வந்த விஸ்பர், ஓபன்ஏஐ நிறுவனத்தின் பேச்சை எழுத்தாக்கும் கருவி, 6,80,000 மணி நேரப் பேச்சைக் கேட்டுப் பழகியது. அதுவே, பேச்சில்லாத இடைவெளியில் யாரும் சொல்லாத வாக்கியத்தை எழுதிவிடுவதுண்டு. இலக்கணம் சரியாக இருப்பதால் கண் தாண்டிப் போய்விடும். படிக்காமல் கையெழுத்து வேண்டவே வேண்டாம்.

அரூர், அப்பாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போகும் மகன்: எங்கள் பேச்சைப் பதிவு செய்தால் கேள்வி கேட்கலாமா?

தாராளமாக, தம்பி. எங்கே சேமிக்கிறார்கள், எப்போது அழிப்பார்கள் என்று கேளுங்கள். விருப்பமில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதற்காக வைத்தியத்தில் குறை வைக்கக் கூடாது.

தர்மபுரி, லேப் உதவியாளர்: போனில் இருக்கும் குரல் தட்டச்சு போதுமா?

பழகிப் பார்க்கப் போதும். நோயாளி பெயரும் ரிசல்ட்டும் அதில் சொல்லாதீர்கள்.