தென்னங்குழியில் தெரியும் பானை வாய்: புதையலா?

தென்னை வைக்கத் தோண்டிய குழியில் பெரிய பானை வாய் தெரியுது, உள்ளே தங்கம் இருக்குமான்னு கேட்டிருக்கீங்க. உடைக்காதீங்க, உள்ளே கையும் விடாதீங்க. திருப்புவனம் பக்கம் தென்னங்குழியில் வாய் தெரியும் பெரிய பானை, பெரும்பாலும் முதுமக்கள் தாழி, அதாவது இறந்தவர்களை வைத்துப் புதைத்த பழங்காலப் பானை. நீங்க கேட்ட தங்கம் அதில் இருப்பது அபூர்வம். பக்கத்துக் கொந்தகையில் அகழாய்வில் எடுத்த தாழிகளில் எலும்பும் சிறு கலயங்களும்தான் பெரிதும் கிடைத்தன.

மேலே கிடக்கும் ஓட்டுச்சில்லைப் பாருங்க. உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு என்றால் பழசாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் தாழி முழுச் சிவப்பாகவும் இருக்கலாம், அதை வைத்து ஒதுக்கிடாதீங்க. கழுவவும் வேண்டாம்.

சினிமாவில் வருவது போல மண்வெட்டி போட்டு ஒரே நாளில் தூக்குகிற வேலை இல்லை இது. கீழடிக் குழிகளில் கரண்டியும் தூரிகையுமாக அடுக்கடுக்காகச் சுரண்டி, ஆழம் அளந்து, வரைந்து, மண்ணைக்கூடச் சலிப்பாங்க. எந்த அடுக்கில், எதோடு கிடந்தது என்பதுதான் காலத்தைச் சொல்லும். பிடுங்கி எடுத்துட்டா அந்தத் தாழி ஊமைதாங்க.

போட்டோ எடுத்து, மண்ணால் மூடிவிட்டு வி.ஏ.ஓ.விடம் சொல்லுங்க. 1878 புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைப்பது 10 ரூபாய்க்கு மேல் பெறும் என்றாலே கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்கணும்.