கூட்டம் என்று யாரைச் சொல்கிறீர்கள்?

ஐயா, வணக்கம். சனி, ஞாயிறு வந்தால் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் நடக்க முடியவில்லை. ஒரே கூட்டம், கூச்சல், செல்ஃபி, பாட்டில். இங்கிலாந்தில் பிளாக்பூல் என்கிற கடற்கரை ஊருக்கு நூறு வருடம் முன்பே லட்சக்கணக்கில் ஆட்கள் போனார்களாம். உள்ளூர்க்காரர்களோடு உரசல் இல்லாமல் நடந்ததாம். அது எப்படி? நம்மால் ஏன் முடியவில்லை?
செ., முத்தியால்பேட்டை

அன்புள்ள செ.,

பாட்டிலையும் செல்ஃபியையும் விடுங்கள், குப்பைத் தொட்டி வைத்தால் பாதி தீரும்.

பிளாக்பூலுக்குப் போனவர்களில் பெரும்பகுதி லங்காஷயர் பஞ்சாலைத் தொழிலாளிகள். அங்கே அப்போது ‘வேக்ஸ் வாரம்’ என்று ஒன்று இருந்தது. ஓர் ஊரின் மில்கள் எல்லாம் ஒரே வாரம் மூடும், ஊரே ரயிலேறும். ஊருக்கு ஊர் வாரம் மாறும், அதனால் கூட்டம் கோடை முழுக்கப் பரவியது. எதிர்வீட்டுக்காரனும் அதே மணலில் உட்கார்ந்திருக்கும்போது எவன் ரொம்ப ஆடுவான்? தங்கும் வீடு நடத்திய பெண்களில் பலர் அதே மில் ஊர்களிலிருந்து வந்தவர்கள். உப்பு, மிளகுக்குக்கூடத் தனிக்காசு கேட்பார்கள் என்று அவர்களைப் பற்றிக் கேலி உண்டு. ஆக, உரசல் இருந்தது, தெரிந்தவர்களுக்குள் இருந்தது. ரொம்ப காலம் அந்த லீவுக்குச் சம்பளமும் கிடையாது. வாராவாரம் சேர்த்து வைத்த காசில்தான் போனார்கள்.

மில் என்று எழுதியதும் அப்பா வந்துவிட்டார்.

அவர் இங்கே ஒரு மில்லில் ஸ்பின்னிங்கில் இருந்தார். ஞாயிறு சாயங்காலம் எங்களைக் கடற்கரைக்கு அழைத்துப் போவார். அப்போது மணல் இருந்தது. தெற்கே துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டிய பிறகுதான் அது போய்க் கருங்கல் மிஞ்சியது. ஆளுக்கொரு பொட்டலம் சுண்டல் வாங்கிக் கொடுத்துவிட்டுத் துண்டை விரிப்பார், கடலுக்கு முதுகைக் காட்டிப் படுப்பார், அவ்வளவுதான், குறட்டை. காது மடலில் பஞ்சுத் துகள் ஒட்டியிருக்கும், குளித்தாலும் போகாது. அதைக் கிள்ளி எடுப்பது தங்கையின் வேலை. அன்றைக்கு நீங்கள் வாக்கிங் வந்திருந்தால் எங்களையும் ‘கூட்டம்’ என்றுதான் எழுதியிருப்பீர்கள்.

பிரான்சில் 1936 ஜூன் 20 அன்று தொழிலாளிகளுக்குச் சம்பளத்தோடு இரண்டு வாரம் லீவு சட்டமானது. ரயில் கட்டணத்திலும் சலுகை கிடைத்தது. பலர் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கடலைப் பார்த்தது அந்தக் கோடையில்தான். ‘தொப்பி போட்ட கழிசடைகள்’ என்று வசதியானவர்கள் முகம் சுளித்தார்கள். சரி, இங்கே? ஜூலை 30 அன்று, அதே பிரான்ஸ் ஆண்ட புதுச்சேரியில், எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடிய சவானா மில் தொழிலாளிகள் மேல் சுட்டார்கள். 12 பேர் செத்தார்கள். நடுவில் நாற்பதே நாள், செ. அங்கே கடலைப் பார்க்க டிக்கெட், இங்கே தோட்டா. எட்டு மணி நேரம் வேலை என்று ஆனால்தானே மீதி நேரத்தில் கடற்கரைக்கு வர முடியும்? உங்கள் நடையைக் கெடுக்கிற கூட்டத்தில் ஞாயிறு ஒருநாள் மட்டும் கிடைக்கிறவன் எத்தனை பேர் என்று ஒரு தடவையாவது பார்த்தீர்களா?

அப்புறம், ‘உள்ளூர்க்காரர்’ என்கிறீர்கள். வலை உலர்த்த மணல் இல்லாமல் போன வைத்திக்குப்பத்துக்காரர் எழுதியிருந்தால் என் பதில் வேறு மாதிரி இருந்திருக்கும். முத்தியால்பேட்டையிலிருந்து காற்று வாங்க வருகிற உங்களுக்கு இது போதும்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். வருகிற ஞாயிறு ஆறு மணிக்குக் காந்தி சிலைப் பக்கம் வாருங்கள். சுண்டல் என் செலவு.