அட்டைக்கு வரைந்த எழுத்து

அன்புள்ள ஐயா,

அப்பாவின் ஆங்கிலப் பயணக் குறிப்புகளை 100 பிரதி அச்சிட்டோம். அட்டைத் தலைப்புக்கு போடோனி போல்டு என்ற தடித்த எழுத்துருவை வைத்தேன். பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். அந்த உற்சாகத்தில் உள்ளேயும் அதையே 10 பாயிண்ட் அளவில் போட்டுவிட்டேன். அப்பாவால் இரண்டு பக்கம் தாண்ட முடியவில்லை, கண் கூசுகிறது என்கிறார். அட்டையில் அவ்வளவு அழகான எழுத்து உள்ளே ஏன் இப்படிப் படுத்துகிறது?

கே.

அன்புள்ள கே.,

அப்பாவின் கண்ணில் குறையில்லை. உங்களிடம் இருப்பது பெரிதாக நிற்பதற்கென்றே வரைந்த எழுத்து.

அதன் செங்குத்துக் கோடு விரல் தடிமன் என்றால் குறுக்குக் கோடு மயிரிழை. முனைகளில் வரும் செரிஃப் என்ற சிறு கோடும் வளைந்து சேராமல் நேராக வெட்டி வைத்த மயிரிழைதான். 60 பாயிண்டில் இரண்டும் தெரிவதால்தான் அந்த மிடுக்கு. 10 பாயிண்டில் மயிரிழை மங்கிவிடும். தடித்த கோடுகள் மட்டும் வேலிக்கம்பு நட்டதுபோல் நிற்கும். ‘மினிமம்’ (minimum) என்ற ஆங்கிலச் சொல் உங்கள் புத்தகத்தில் எங்காவது இருந்தால் பாருங்கள். ஒரு எழுத்து எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று தேட வேண்டியிருக்கும். அந்தத் தேடல்தான் அப்பாவைக் களைக்க வைக்கிறது.

இதற்கு போடோனியைக் குற்றம் சொன்னால் எனக்கு மனம் பொறுக்காது. ஜாம்பத்திஸ்தா போடோனி 1768இல் இத்தாலியின் பார்மா நகரில் கோமகனின் அச்சகப் பொறுப்பை ஏற்றவர். ஒவ்வொரு அளவுக்கும் எஃகில் தனி அச்சு வெட்டிய காலம் அது. சிறிய அளவுக்கு வெட்டும்போது மெல்லிய கோட்டைக் கொஞ்சம் தடிப்பாக்கி, எழுத்தையும் சற்று அகலமாக்குவார்கள். அவர் இறந்து ஐந்து ஆண்டு கழித்து, 1818இல், மனைவி மார்கெரீத்தா இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட, அவருடைய எழுத்துகளின் மாதிரி நூலில் நுணுக்கமாக வேறுபடும் அளவுகள் பக்கம் பக்கமாக வருகின்றன. எவ்வளவு பொறுமை! கணினியில் பெரும்பாலும் ஒரே வரைபடத்தைத்தான் சுருக்கியும் பெருக்கியும் போடுகிறோம். 1994இல் வந்த ஐடிசி போடோனி என்ற எழுத்துரு போன்ற சில விதிவிலக்குகள் உண்டு; அது 6, 12, 72 பாயிண்டுகளுக்குத் தனித்தனியாக வரையப்பட்டது.

இன்னொன்று, இவ்வளவு தடித்த எழுத்து அவர் கையில் பிறந்ததில்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் லாட்டரிச் சுவரொட்டிகளுக்காகக் கொழுக்க வைத்த எழுத்துகளின் வழியில் வருவது அது. தெருவில் போகிறவனை நிறுத்தப் பிறந்ததை 200 பக்கம் வாசிக்கக் கொடுத்திருக்கிறீர்கள்.

அட்டையை மாற்றாதீர்கள். இயல் தலைப்புகளுக்கும் 24 பாயிண்டுக்குக் குறையாமல், எழுத்துகளை நெருக்கி, அதையே வையுங்கள். கறுப்புப் பின்னணியில் வெள்ளையாக மட்டும் வேண்டாம். மை பரவி மயிரிழையை அடைத்துவிடும். உள்பக்கங்களுக்கு பாஸ்கர்வில் எழுத்துரு, சாதாரணத் தடிமனில், 11 பாயிண்ட். போடோனிக்கு முந்தைய தலைமுறை எழுத்து அது, தடிப்பு வேறுபாடு மிதமானது, பக்கத்தில் வைத்தால் உறவு தெரியும்.

திரையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நூலுக்கு எடுக்கும் அதே தாளில் ஒரு பக்கம் அச்சிட்டு, முதலில் அப்பாவிடம் கொடுங்கள்.